கோப்பைக்குக் கோப்பை சாகும் பெரியப்பா

ஓய்வு பெற்றவனுக்கு வேலை இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கோடையில் நான் உழைத்த உழைப்பை மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிறவன்கூட உழைத்திருக்க மாட்டான். பத்து நாள், நான்கு பென்சில், சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள். என் மனைவியை ஒரு வாரம் சுற்றுலா அழைத்துப் போக வேண்டும். அந்த வாரத்தில் கால்பந்து உலகக் கோப்பையின் அரையிறுதி இரண்டும் இறுதி ஆட்டமும் வருகின்றன. ஒன்றையும் நான் தவறவிடக் கூடாது. தவறவிடாமல் இருக்கத்தான் இத்தனை பாடு என்று அவளுக்குத் தெரியவும் கூடாது.

ஏனென்றால் அவள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

“முப்பத்தொரு வருஷம் ஊர்ல இருக்கறவன் லீவையெல்லாம் நீங்க எழுதினீங்க. நமக்குன்னு ஒரு நாள் எழுதினீங்களா? இந்தக் கோடைக்கு நான் சொல்ற ஒரு வாரம் எனக்கு வேணும். முழுசா வேணும். நடுவுல பந்து, கோலுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, நேரா தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒரு மாசம் உக்காந்துடுவேன்.”

இது சாதாரண மிரட்டல் இல்லை. எனக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தெரியும். அதுவும் எல்லா நாளும் தெரியாது.

நான் பேருந்து டிப்போவில் லீவு எழுதும் கிளார்க்காக இருந்தவன். எந்த ஓட்டுநர் எந்த நாளில் எந்த வண்டியை எடுக்க வேண்டும், யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் என் பென்சில் முனையில் இருந்தது. நூற்று நாற்பது வண்டிகளுக்கு ஆள் போட்டவனுக்கு ஒரு மனைவியை ஏழு நாள் நகர்த்துவது பெரிய காரியமா? பந்து ஓடாத நாட்களில் நாங்கள் ஓடுவோம், பந்து ஓடும் நாட்களில் நாங்கள் நிற்போம் என்று திட்டம் போட்டேன். எந்த விடுதிக் கூடத்தில் டிவி இருக்கிறது என்று ஒவ்வொரு விடுதிக்கும் போன் போட்டு, “என் மனைவிக்கு டிவி சத்தம் ஆகாது, உங்க கூடத்துல அந்தக் கருமம் இருக்கா?” என்று விசாரித்தேன். இருக்கிறது என்று வருத்தப்பட்ட விடுதிகளிலேயே தங்கும் ஒரு சுற்றுலாப் பேருந்தில் இடம் பிடித்தேன். கடைசி நாளுக்கு ஓர் ஏரிக்கரை விடுதி. நான்கு மணிக்குப் போய்ச் சேருகிறோம், ஐந்து மணிக்கு இறுதி ஆட்டம். கச்சிதம்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அவள் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்துவிட்டது.

“நான்கூட நம்பலடி. பத்து நாளா பென்சிலும் கையுமா உக்காந்திருக்காரு. ஒவ்வொரு விடுதிக்கும் போன் பண்ணி எனக்கு சத்தம் ஆகாதுன்னு சொல்றாரு. இப்பதான் மனுஷனுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறது ஞாபகம் வந்திருக்கு.”

மனசாட்சி குத்தியது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே குத்தியது. அரை நிமிடம். அதற்குள் காலிறுதி தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை சுற்றுலாப் பேருந்தில் ஏறினோம். பதினெட்டுப் பேர். ஏறியதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கும்பிடு வந்தது.

“வணக்கம் சார். சௌக்கியமா?”

ஏறிய படியிலேயே ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தேன். ஹாரன்! எங்கள் டிப்போவில் இருபது வருடம் ஓட்டியவர். மூடியிருக்கும் கதவைப் பார்த்தால்கூட ஹாரன் அடிப்பார் என்பதால் அந்தப் பெயர். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘முடியாது சார்’. பொருத்தமான பெயர்தான். நான் என்ன செய்ய? உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் எங்கள் ஓட்டுநர்களின் குடும்பங்களில் கொள்ளைநோய் வந்ததுபோல் சாவு விழும். அத்தை, மாமா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மச்சான் என்று கால்பந்துக்கு நேர்ந்துவிட்டதுபோல் செத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் நான் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தேன். யாருடைய எந்த உறவு எந்தத் தேதியில் இறந்தது என்று அதில் பதிவு. மறுமுறை அதே ஆள் இறந்தால் நோட்டைப் புரட்டிக் காட்டுவேன். உலகத்திலேயே செத்தவர்களுக்கு வருகைப்பதிவு எடுத்த ஒரே கிளார்க் நான்தான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இறுதி ஆட்டத்தன்று லீவு கேட்டு ஹாரன் கடிதம் கொடுத்தார். காரணம், பெரியப்பா மரணம். அந்தப் பெரியப்பா முந்தைய இரண்டு கோப்பைகளிலும் ஏற்கெனவே இறந்திருந்தார். இந்தக் கதையை வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ‘பணி நலன் கருதி மறுக்கப்படுகிறது’ என்று எழுதி, அவரை மிக நீளமான தடத்தில் போட்டு அனுப்பினேன்.

அதை அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். வண்டியை அவ்வளவு பதமாக ஓட்டினார். என் மனைவியை “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டு ஜன்னலோர இருக்கை கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் அருவிக்கு நடந்தபோது எனக்கு முட்டி வலி வந்தது. கூடத்து டிவியில் முதல் அரையிறுதி முடிந்ததும் போய்விட்டது. புதன்கிழமை மூலிகைத் தோட்டம் பார்க்கக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது அரையிறுதியில் என் மஞ்சள் அணி மூன்று கோல் போட, வயிறு பூரணமாகக் குணமானது. மனைவி கஷாயம்போல் கசப்பான ஏதோ ஒன்றை அந்தத் தோட்டத்திலிருந்து வாங்கி வந்து கண்கலங்கக் கொடுத்தாள். குடித்தேன். மஞ்சள் அணிக்காக நான் செய்த தியாகங்களில் அதுதான் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இறுதி ஆட்டம். மதியம் இரண்டு மணிக்கு மலையிலிருந்து இறங்கத் தொடங்கினோம். ஹாரன் வண்டியை மாட்டு வண்டிகூடச் சிரிக்கும் வேகத்தில் உருட்டினார்.

“அக்கா, இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு பாருங்க. எறங்கிப் பாக்கறீங்களா?”

இறங்கினார்கள். அடுத்து ஒரு குரங்கு. குரங்குக்கு ஒரு நிறுத்தம். அடுத்து ஒரு பாறை. அது யானை மாதிரி இருக்கிறதாம். அம்மி மாதிரிதான் இருந்தது. மணி நான்கு இருபது ஆனபோது, ஏரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்ற கல்லுக்குப் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது.

நான் முன்னால் ஓடினேன். முட்டி வலிக்காரன் ஓடுவதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

“என்னய்யா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும்.”

“அஞ்சு மணிக்கு…” என்று குரலைத் தாழ்த்தினேன். “உனக்குத் தெரியாததா? ஃபைனல்யா.”

ஹாரன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். காகிதம் இல்லை, பிளாஸ்டிக் உறை போட்டுப் பாதுகாத்த என் கையெழுத்து. பணி நலன் கருதி மறுக்கப்படுகிறது.

“அன்னிக்கு ட்ரிப் ஷீட்ட வாங்க ஆபீஸ் பக்கம் வந்தேன் சார். ஜன்னல் வழியா பாத்தேன். மேசை மேல காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு நீங்க ஃபைனல் பாத்துக்கிட்டு இருந்தீங்க. கையில வேர்க்கடலை வேற.”

வேர்க்கடலையைக்கூட மறக்காத மனிதனிடம் என்ன வாதாட முடியும்?

“நீ பொய்க் காரணம் எழுதினேல்ல?”

“உண்மைய எழுதியிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அவ்வளவுதான் சார்.” ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். “இப்ப நீங்க ஒரு லீவு லெட்டர் எழுதுங்க. உண்மையான காரணம். அக்கா கையெழுத்து போடட்டும். அடுத்த நிமிஷம் வண்டி பறக்கும்.”

போனை எடுத்துப் பார்த்தேன். அந்த மலையில் சிக்னல் என்பது கேள்விப்படாத பொருள். நடந்தால் போட்டி முடிந்து, கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்த பிறகுதான் போய்ச் சேருவேன். நான்கு இருபத்து நான்கு. எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாக லீவு கேட்டு எழுதினேன். எதற்காகத் திட்டம் போட்டேன், முட்டி ஏன் வலித்தது, வயிறு ஏன் வலித்தது எல்லாவற்றையும் எழுதி, ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த கணவன்’ என்று முடித்தேன்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தாள். பேருந்தே காது கொடுத்தது. முட்டி வந்த இடத்தில் பின் இருக்கையிலிருந்த பல் டாக்டர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். “விடுதிக்கெல்லாம் போன் செய்தது தாங்கள் நிம்மதியாக இருக்க அல்ல” என்ற வரி வந்தபோது அவள் குரல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

“தங்கச்சிகிட்ட எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா?” என்றாள் மெதுவாக.

லீவு கேட்டு வந்த ஓட்டுநர்கள் என் மேசைக்கு முன்னால் எப்படி நின்றிருப்பார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருப்பார்கள்.

அவள் பேனாவை வாங்கினாள். யோசித்தாள். நான்கு இருபத்து ஒன்பது. எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

‘குடும்ப நலன் கருதிப் பாதி மட்டும் அனுமதிக்கப்படுகிறது. முதல் பாதி உங்களுக்கு. இரண்டாம் பாதி எனக்கு. ஆறு மணிக்குப் படகு.’

“ஏம்மா, ரெண்டாவது பாதியிலதான் எல்லாமே…”

“முழுசா ரத்து பண்ணட்டுமா?”

“வேணாம்.”

அதன்பிறகு ஹாரன் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. வளைவுகளில் சக்கரம் தரையில் இருந்ததாக நான் சத்தியம் செய்ய மாட்டேன். பல் டாக்டர் தன் பல்லையே பிடித்துக்கொண்டு வந்தார். நான்கு ஐம்பத்தெட்டுக்கு விடுதிக் கூடத்தில் இருந்தேன். முதல் பாதியில் கோல் எதுவும் விழவில்லை. மஞ்சளின் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தக் கம்பத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இடைவேளை விசில் ஊதிய உடனே பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைத் தட்டியது.

காலால் மிதித்து ஓட்டும் இரண்டு பேர் படகு. திருப்பும் கைப்பிடி அவளிடம்.

“மிதிங்க. முட்டிதான் நல்லாயிருக்கே.”

மிதித்தேன். கரையில் நின்ற ஹாரன், “கவலைப்படாதீங்க சார், பஸ்ஸுக்குள்ள இருந்தே நான் சொல்லிடறேன். மஞ்சள் போட்டா ஒரு ஹாரன், நீலம் போட்டா ரெண்டு” என்று கத்தினார். தங்கமான மனிதர் என்று நினைத்தேன்.

ஏரி நடுவுக்கு வந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விடுதிக் கூடத்திலிருந்து ஒரு பெரும் கூச்சல். தொடர்ந்து ஒரு ஹாரன்.

“கோல்!” என்று எழுந்தேன். படகு ஒரு பக்கம் சாய, அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நான்கு நிமிடத்தில் இரண்டு ஹாரன். நெஞ்சு இறங்கியது. உடனே ஒரு ஹாரன். ஏறியது. இரண்டு. ஒன்று. இரண்டு, இரண்டு, ஒன்று. விரல் விட்டு எண்ணினேன். இருபது நிமிடத்தில் மஞ்சள் ஆறு, நீலம் ஏழு.

“இது… இது கால்பந்தா, கபடியா?”

என் முகத்தைப் பார்த்த அவளுக்குச் சிரிப்பு தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது, மிதிப்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையிலிருந்த கைப்பிடி ஒரே பக்கம் திரும்பிக்கொள்ள, படகு அதே இடத்தில் வட்டமடித்தது. ஹாரன் பன்னிரண்டு வருடக் கணக்கைத் தீர்க்கிறார் என்று எனக்கும் புரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டுக்கு ஒன்பது என்ற நிலையில் எண்ணுவதை விட்டேன். அதன்பிறகு அரை மணி நேரம் அந்த ஏரியில் எனக்கு எந்த ஸ்கோரும் தெரியாது. அவள் தங்கையின் கல்யாணத்தில் நான் வழுக்கி விழுந்த கதையை முழுசாகச் சொன்னாள். அதில் நான் விழுந்தது எனக்கே புதுச் செய்தி.

கரைக்கு வந்தோம். ஹாரன் படகைப் பிடித்து நிறுத்தினார். முகத்தில் குழந்தையின் கள்ளமின்மை.

“உண்மையில எத்தனய்யா?”

“சைபர் சைபர் சார். ஒரு கோலும் இல்ல. கூடுதல் நேரம் முப்பது நிமிஷம் குடுத்திருக்கான். இப்பதான் ஆரம்பிக்கப் போறான்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்தாள். வாரம் அவளுடையது. நான் பையிலிருந்த அதே கடிதத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில், ஹாரனின் முதுகையே மேசையாக்கி எழுதினேன். அவள் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“பெரியப்பா காலமாகிவிட்டபடியால் முப்பது நிமிடம் லீவு தேவை.”

“யாரோட பெரியப்பா?”

“என்னோட பெரியப்பாதான் அக்கா,” என்றார் ஹாரன், தலையைக் குனிந்து. “சாருக்கும் ரொம்ப வேண்டியவரு. நானும் போகணும்.”

அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஒரே எழுத்தில் கையெழுத்தைப் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் கூடத்தை நோக்கி நடந்தாள்.

“வாங்க, நானும் துக்கத்துக்கு வர்றேன். பாவம் அந்த மனுஷன். நாலு வருஷத்துக்கு ஒரு தடவ சாகறாரு, ஆனா ஒரு தடவகூட நேரம் தவறினதில்ல.”