முன்னூற்றுப் பன்னிரண்டு மேற்படிகள்

அறுபத்தெட்டு வயதுக்குள் நான் இரண்டே இரண்டு பொய்கள்தான் சொல்லியிருக்கிறேன். ஒன்று பல் டாக்டரிடம் சொன்னது. மற்றதை முன்னூற்றுப் பன்னிரண்டு முறை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்தக் கதை இரண்டாவதைப் பற்றியது.

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்ற என்னை, மேகக் கணினி வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டவர் என் மாப்பிள்ளை. மேகம் என்றதும் யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கியிருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடியே அதில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உங்கள் கோப்புகளை அதில் ஏற்றலாம். எப்படி ஏற்றுவது என்று சொல்லும் வழிகாட்டிப் பக்கங்கள் கம்பெனியின் இணையதளத்தில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் வரிக்கு வரி செய்துபார்த்து, அடியில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தை ஏற்றுவது என் வேலை. அதற்கு அறிவு வேண்டாம், எழுதியதை எழுதியபடி செய்யும் பிடிவாதம் போதும். ஒரு பக்கத்தில் 'சிறிது நேரம் காத்திருக்கவும்' என்று இருந்தது. எட்டு நாள் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று போடாதது அவர்கள் தப்பு.

சோதனைத் தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் இவை இரண்டு சாதி. கம்பெனியில் எல்லாரும் லினக்ஸ்காரர்கள். வெளியே கடை வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர், பாடம் நடத்துபவர் எல்லாரும் பெரும்பாலும் விண்டோஸ்காரர்கள். எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் கணினி ஒன்றே ஒன்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில். துடைப்பத்தைத் தேடி வந்தவர்கள் உண்டு, கணினியைத் தேடி யாரும் வந்ததில்லை. அதன்மேல் படிந்த தூசியில் செடி ஒன்று முளைத்து இரண்டு இலையும் விட்டிருந்தது. போகும்போது வரும்போது நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

மேல் கட்டத்துக்கு முறையாகச் செய்துபார்த்து 'சரி' என்று எழுதுவேன். கீழ்க் கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதுவேன். முதல் நாளே மாப்பிள்ளையிடம் கேட்டேன்தான்.

"மாப்பிள்ளை, கீழ்க் கட்டத்துக்கு என்ன பண்றது?"

"மேற்படின்னு போடுங்க மாமா. அதை யாரு பார்க்கப் போறா."

மாப்பிள்ளைதான் அந்தப் பகுதிக்குத் தலைவர். கறுப்புத்திரை என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளை அடிப்பார், அதைத் தவிர வேறு திரையை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். என் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் மடியில் அதை வைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜாதகத்தைக்கூட அதில் அடித்துத்தான் பார்த்தார். நல்ல மனிதர். எல்லாப் பக்கத்துக்கும் கடைசியில் ஒரு வரி எழுதிவைத்திருந்தவரும் அவர்தான்: 'விண்டோஸ் பயனாளர்கள் இதையே தங்கள் முறைப்படி செய்துகொள்ளவும்.'

ஆறு வருடத்தில் விண்டோஸ்காரர்களிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. உண்மைதான். புகார் அனுப்ப வேண்டுமானால், குறிப்பிட்ட கட்டளை ஒன்றை அடித்து, அதற்கு வரும் பதிலைப் படிவத்தில் இணைக்க வேண்டும். அந்தக் கட்டளை லினக்ஸில் மட்டும்தான் ஓடும். வாயைக் கட்டிவிட்டு, பாருங்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்பதுபோல.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் இது என் வீட்டுக்கு வந்தது.

என் மனைவி, துணி வெட்டுவதற்கான அளவு மாதிரிகளைக் கணினியில் வரைபவள். இருபது வருடம் யார் யாருக்கோ வரைந்தாள், மாதிரியின் மேல் அவர்கள் பெயர் இருக்கும். இந்த முறைதான் அவள் பெயருக்கே ஒரு வேலை வந்தது. ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கும் ஆலை ஒன்று கேட்டிருந்தது. ஒன்பது அளவில் சட்டை, கால்சட்டை, மேலங்கி. எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் மேகக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். ஆலையின் வெட்டும் இயந்திரம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். தவறினால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். எந்தக் கம்பெனியில் வாடகைக்குப் பிடிப்பது என்று அவள் யோசிக்கவேயில்லை. "உங்க கையெழுத்து இருக்கில்ல" என்று எங்கள் கம்பெனியையே பிடித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, இங்க வாங்க. ஏழாவது வரியில இருக்கறதை அப்படியே அடிக்கறேன். அப்படி ஒரு கட்டளையே தெரியாதுங்குது."

"எழுத்து ஏதாவது விட்டிருப்பே."

"பதினாறு தடவை அடிச்சாச்சு. எந்த எழுத்தை விட்டேன்னு நீங்களே பாருங்க. அதுதானே உங்க தொழில்."

பார்த்தேன். ஒரு எழுத்தும் விடவில்லை. வாடகைக்கு எடுத்தவருக்குச் சின்னக் கோப்பு ஒன்று வரும், அதுதான் சாவி. அந்தச் சாவியைச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தால்தான் மேகக் கணினி கதவைத் திறக்கும். லினக்ஸில் அதற்கு ஒரு சொல்லும் மூன்று எண்ணும் அடித்தால் போதும். விண்டோஸ் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதேயில்லை.

அவள் பக்கத்தின் அடிக்குப் போய், சத்தமாகப் படித்தாள். "விண்டோஸ் பயனாளர்கள் இதையே தங்கள் முறைப்படி செய்துகொள்ளவும். என் முறை என்னன்னு எனக்கே தெரிஞ்சா, நான் ஏன் உங்க பக்கத்தைக் கட்டிக்கிட்டு அழறேன்?" அப்புறம் விரலை இன்னும் கீழே இறக்கினாள். "இது யார் கையெழுத்து?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் என் கையெழுத்தாகவே இருந்தது.

"விண்டோஸ்ல செஞ்சு பார்த்தீங்களா?"

"மேற்படி," என்றேன்.

திட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. "ஒரு எழுத்து தப்பா அச்சாக விடாத மனுஷன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பி உட்கார்ந்து பதினேழாவது தடவை அடித்தாள்.

வியாழன் காலை மாடிப்படிக்குக் கீழே போனேன். செடியைப் பெயர்த்து ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, விண்டோஸ் கணினியைத் தட்டி எழுப்பினேன். மதியத்துக்குள் நாற்பது பக்கம் செய்துபார்த்தேன். முப்பத்துமூன்று பாதி வழியில் படுத்துவிட்டன. நேரே மாப்பிள்ளையிடம் போனேன்.

"மாப்பிள்ளை, என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எந்தப் பக்கத்துல மாமா?"

"எல்லாப் பக்கத்துலயும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அதுவே பெரிய விஷயம். "நாளைக்கு மூணு மணிக்கு மேலிடத்து அம்மா தளத்தைப் பார்க்க வராங்க. விளையாடாதீங்க."

"ஆறு வருஷம் விளையாடியாச்சு, போதும்."

"விண்டோஸ் வச்சிருக்கறவங்க நமக்கான ஆளுங்களே இல்ல மாமா. வேலை தெரிஞ்சவன் லினக்ஸ்தான் வச்சிருப்பான்."

"உங்க அத்தை வச்சிருக்கறது விண்டோஸ்."

கொஞ்சம் இறங்கிவந்தார். "அத்தைக்கு என்ன, நானே வந்து போட்டுக் கொடுத்துட்டுப் போறேன்."

"உங்க அத்தைக்கு நீங்க வருவீங்க. மத்த அத்தைங்களுக்கு யாரு வருவா?"

"கையெழுத்தை எடுத்தீங்கன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. சொல்லிட்டேன்."

"நானும் சொல்லிட்டேன்," என்றேன்.

கையெழுத்து இல்லாத பக்கத்தின் தலையில் 'சோதிக்கப்படாதது' என்று மஞ்சள் பட்டை தானாக ஏறிவிடும். முதலில் கையெழுத்துப் போட்டவரே திரும்பப் போட்டால்தான் அந்தப் பட்டை இறங்கும், வேறு கைக்கு இறங்காது. கண்டிப்புக்காக மாப்பிள்ளையே எழுதிய விதி. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். அன்று தேய்ந்த ஆள்காட்டி விரல் இன்னும் பழைய நீளத்துக்கு வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தளம் முழுக்கக் காமாலை கண்டு கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு என் மனைவி தன் கணினியைப் படுக்கை விரிப்பில் மூட்டை கட்டி, வாடகைக் காரில் கொண்டுவந்து, மாப்பிள்ளையின் மேஜையில் இறக்கினாள்.

"உக்காருங்க மாப்பிள்ளை. இது என் கணினி, அது உங்க பக்கம். ஏழாவது வரி."

"அத்தை, கோப்பைக் கொடுங்க. என் மெஷின்லேர்ந்து ரெண்டு நிமிஷத்துல ஏத்திடறேன்."

"அடுத்த வாரம் ஆலையில அளவு மாத்தச் சொன்னா? அப்பவும் மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிக்கணுமா? செஞ்சு காட்டுங்க."

உட்கார்ந்தார். அடித்தார். தெரியாது என்றது. இன்னும் அழுத்தி அடித்தார், செவிட்டு மாமனாரிடம் பேசுவதுபோல. அப்போதும் தெரியாது என்றது. பொறியாளர்கள் பதினொரு பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கை பார்த்தார்கள். ஒருவர், "பேசாம இதை அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுடலாமே ஆன்ட்டி" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டையில் ஒரு பொத்தான் தானாகக் கழன்று விழுந்தது. பார்த்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

மணி பத்தே முக்கால்.

"ஏழை விட்டுட்டு எட்டுக்குப் போய்ப் பாருங்க," என்று யாரோ சொன்னார்கள். எட்டாவது வரியில் மேகக் கணினியின் கதவைத் தட்டினால், நாலு வரியில் ஏதோ சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. மாப்பிள்ளை அதைப் படிக்காமல் மறுபடி தட்டினார். திரையில் வருவதை யாரும் படிக்காமல், அடுத்து எதை அடிக்கலாம் என்று மட்டும் யோசிக்கிற இடம் அது. படிப்பது என் தொழில். குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"'இந்தச் சாவியை மற்றவர்களும் பார்க்க முடிகிறது. ஏற்க மாட்டேன்'னு போட்டிருக்கு."

"மத்தவங்கன்னா யாரு?" என்றாள் என் மனைவி.

யாருக்கும் தெரியவில்லை. அவள் மாப்பிள்ளையை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். சாவிக்கோப்பின் மேல் வலப்பக்கம் அழுத்தி, அதன் குணங்களைத் திறந்து, பாதுகாப்பு என்ற பக்கத்துக்குப் போனாள். அங்கே பட்டியல் இருந்தது. அவள் பெயர், கணினியின் பெயர், வீட்டில் இருக்கும் எல்லாரும் என்று ஒரு பெயர், என் பெயர். ஒவ்வொன்றாக நீக்கப் பார்த்தாள். நீங்கவில்லை.

நான் படித்தேன். "'இந்த உரிமை மேல் கோப்புறையிலிருந்து பரம்பரையாக வருவது. முதலில் பரம்பரையை நிறுத்தவும்.'"

"அப்படி வா வழிக்கு," என்று பரம்பரையை வெட்டினாள். அப்புறம் பட்டியலில் தன்னைத் தவிர எல்லாரையும் தூக்கினாள். என் பெயருக்கு வந்ததும் ஒரு நொடி நின்றாள். "உங்களையும்தாங்க."

"நியாயம்தான்," என்றேன்.

கதவு திறந்தது. ஒன்பது அளவும் ஏறி முடிக்கும்போது மணி பன்னிரண்டாகப் பதினொரு நிமிடம் இருந்தது. ஆலையிலிருந்து போன் வந்தது. வெட்ட ஆரம்பித்துவிட்டோம், மாதிரியில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். அவள் தன் பெயரைச் சொன்னாள். எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. "சரி மாமா, அத்தை வேலை முடிஞ்சது. கையெழுத்தைத் திருப்பிப் போட்டுடுங்க."

"உங்க அத்தை செஞ்சதை எழுதட்டும். அந்த ஒரு பக்கத்துக்குப் போடறேன்."

அவள் பழைய வரிகளை எடுத்துவிட்டு அங்கேயே எழுதினாள், ஒன்பது வரி. எங்கே அழுத்துவது, என்ன தெரியும், தெரியாவிட்டால் என்ன செய்வது. அதை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய், வரிக்கு வரி செய்துபார்த்தேன். ஓடியது. சோதனைத் தாளின் கீழ்க் கட்டத்தில் ஆறு வருடத்தில் முதல் முறையாக 'சரி' என்று எழுதினேன். தளத்தில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் இறங்கியது.

பக்கத்தின் கடைசியில் அவள் சேர்த்திருந்த வரியை மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்துதான் பார்த்தார்: 'லினக்ஸ் பயனாளர்கள் இதையே தங்கள் முறைப்படி செய்துகொள்ளவும்.'

இரண்டு மணிக்குள் நாற்பத்தாறு புகார்கள் வந்துவிட்டன. எல்லாம் எங்கள் மாடியிலிருந்தே. அவர்களுக்குத்தான் புகார்ப் படிவம் ஓடுமே.

"இது அநியாயம் மாமா. எங்களுக்கு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் குறையாது மாப்பிள்ளை. ரெண்டு பேருக்கும் போடுவோம். உங்களுக்கும் செஞ்சு பார்த்துட்டு, அவங்களுக்கும் செஞ்சு பார்த்துட்டு. இன்னும் முன்னூத்திப் பதினொண்ணு இருக்கு."

"மூணு மணிக்கு வராங்களே."

"வரட்டும். மஞ்சளாவே பார்க்கட்டும்."

மேலிடத்து அம்மா வந்தார். தளத்தைத் திறந்தார். ஏன் எல்லாம் மஞ்சள் என்று கேட்டார். விண்டோஸில் சோதிக்கவில்லை என்றேன். எத்தனை நாளாக என்றார். ஆறு வருடமாக என்றேன். சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது யார் என்றார். நான்தான் என்றேன். இவரை இன்றே அனுப்பிவிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை, இவரை அனுப்பிவிட்டால் மஞ்சளை யாராலும் இறக்க முடியாது என்ற தன் விதியை விளக்கினார். அதை விளக்க இருபது நிமிடம் ஆயிற்று. நான் உட்காரக்கூட இல்லை. மஞ்சள் முழுக்க இறங்கும்வரை இவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது விண்டோஸ் கணினி மாடிப்படிக்குக் கீழே இல்லை. மாப்பிள்ளையின் மேஜையில், கறுப்புத் திரைக்கு முன்னால் இருக்கிறது. பக்கத்தில் டப்பாவில் செடி, ஐந்தாவது இலை விட்டிருக்கிறது. பக்கம் எழுதுகிறவரே முதலில் அதில் செய்துபார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை. நேற்று தொண்ணூற்றுநான்காவது பக்கம்.

"மாமா, மூணாவது வரி வரமாட்டேங்குது. பத்து தடவை அடிச்சுட்டேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் மேற்படின்னு போட்டுடுங்களேன்."

"திரையில என்ன சொல்லுதுன்னு படிங்க மாப்பிள்ளை."

"படிச்சுட்டேன்."

"சத்தமா."