பன்னிரண்டுக்குக் கீழே

அண்ணன் இடது கையைப் பியானோ கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோதுதான் நான் திரையைச் சரியாகப் பார்த்தேன். வலது கை வாசித்ததெல்லாம் மஞ்சள் பொறிகளாகச் சிதறி மறைந்துகொண்டிருந்தது. இடது கைக்கு நான் ஒதுக்கியிருந்த நீலம் எங்குமே இல்லை.

"உன் சாப்ட்வேருக்கு என் இடது கை கண்ணுக்கே தெரியல போல," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பியானோ வாசிப்பைத் திரையில் ஒளியாக மாற்றும் மென்பொருளுக்கு அந்த ஒளிகளை வடிவமைப்பது என் வேலை. எனக்கு வாசிக்கத் தெரியாது. பத்து வருடமாக நான் செய்த ஒவ்வொரு பொறியையும் முதலில் வாசித்துப் பார்த்தவன் அவன்தான். நல்லதைச் சொன்னதைவிடக் குறை சொன்னதே அதிகம். நான்கு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவன் இடது கையின் பலத்தைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் பியானோ பக்கமே வராதவன், புது ஒளிகளைச் சோதிக்க ஆளில்லை என்று நான் நச்சரித்ததால் இன்று வந்திருந்தான்.

கட்டை எவ்வளவு பலமாக இறங்கியது என்பது எனக்கு ஓர் எண்ணாக வந்து சேரும். நூற்றிருபத்தேழு வரை போகும். பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் ஒளி வேண்டாம் என்று விதி எழுதியவள் நான். எழுதச் சொன்னவன் அவன். "விரல் உரசினதுக்கெல்லாம் பூ விடாத. அதெல்லாம் தப்பா பட்டது." இன்று அவனுடைய இடது கை முழுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அவன் எழுந்து பையைத் தோளில் மாட்டினான்.

"அண்ணா, அஞ்சே நிமிஷம்."

விதியை நீக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, நீலத்தையும் மஞ்சளுக்குச் சமமாகப் பிரகாசமாக்கிவிட்டேன்.

நின்றபடியே இடது கையால் ஒரு கட்டையைத் தொட்டான். சத்தம் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். திரையில் நீலம் வெடித்தது.

"இது யார் கை?"

"உன்னோடதுதான்," என்றேன்.

"பொய்யா கைதட்டாத, கழுதை. நான் எவ்வளவு அழுத்துறேனோ அவ்வளவு காட்டு. அதுக்கு மேல ஒரு துளிகூட வேணாம்."

அந்த மங்கலைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இருந்தது. எனக்குத்தான் இல்லை.

பிரகாசத்தை உண்மையான அளவுக்கு இறக்கியதும் கறுப்புப் பின்னணியில் மெல்லிய நீலம் தொலைந்துபோனது. பின்னணியை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் பொறியையே விட்டுவிட்டு, கண்ணாடியில் மூச்சு படிவதுபோல ஒரு வட்டம் வரைந்தேன். அழுத்தம் ஏழு என்றால் ஏழின் அளவு. நான்கு என்றால் நான்கு. இவன் மட்டும் இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அழகான பொய்களையே செய்துகொண்டிருந்திருப்பேன் என்று தோன்றியது. நன்றி என்று சொன்னால் ஒரு வாரம் கிண்டல் செய்வான். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

உட்கார்ந்து இடது கையின் ஐந்து விரல்களையும் வரிசையாக இறக்கப் பார்த்தான். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல், கடைசியில் சுண்டுவிரல். நான்கு வட்டங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு.

"மோதிர விரல் தூங்குது."

"எழுப்பு."

பையைக் கழற்றித் தரையில் வைத்தான். திரையில் வட்டங்கள் மெல்லக் கலைந்துகொண்டிருந்தன, நடுவே ஓரிடம் காலியாக. அந்த விரல் நடுங்கியபடி கட்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.