மல்வேர்னிலேயே அமைதியான வீடு

றொய்சன் வேலை செய்வது கனடாவின் மல்வேர்னில், அம்மாவின் குசினி மேசையில். கம்பனி இருப்பது எல்லைக்கு அங்கால், அமெரிக்காவின் பஃபலோவில். போனில் கதைக்கும்போது பின்னால் கேட்கிற இரைச்சலை அழிக்கும் செயலி ஒன்றை அவர்கள் செய்கிறார்கள். அந்தச் செயலியைப் பழக்க இரைச்சலான ஒரு வீடு வேண்டும். அதற்கு றொய்சனின் வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. அம்மா எமில்டா மன்னாரில் இருக்கும் தங்கச்சியோடு ஸ்பீக்கரில்தான் கதைப்பார். கிரைண்டர் அலறும், குக்கர் கூவும். புதன்கிழமைகளில் ஜெபக்குழுப் பெண்கள் வந்து ஆளுக்கொரு சுருதியில் பாடுவார்கள்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது, சம்பளத்தில் பஃபலோ இருக்கும் நியூயோர்க் மாநிலமும் வரி பிடிக்கத் தொடங்கும்வரை. கனடாவும் பிடிக்கிறது, அவர்களும் பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் கால்கூட வைக்காதவனிடம் எதற்கு வரி என்று கேட்டான். கம்பனியின் வரிப் பிரிவு பொறுமையாக விளக்கியது. உன் வசதிக்காக வீட்டிலிருந்தால், பஃபலோ அலுவலகக் கதிரையில் இருந்து வேலை செய்ததாகத்தான் கணக்கு. கம்பனிக்கு உன் வீடு தேவை என்றால் மட்டும் விலக்கு. ஆகவே ஒரு பெண் அதிகாரி வீடியோவில் வந்து வீட்டைப் பார்ப்பார், அது உண்மையிலேயே இரைச்சலான வீடுதானா என்று.

இதில் தோற்றால் மிஞ்சுகிற சம்பளம் வாடகைக்கே காணாது. வேலையை விட்டுவிட்டு மார்க்கம் நகரில் கஸ்பர் மாமாவின் கிடங்கில் பெட்டி தூக்கவேண்டியதுதான்.

அம்மாவோ அதிகாரி வருகிறார் என்றதும் சோபாவின் பிளாஸ்டிக் உறையைத் துடைத்தார், ரீவியை நிறுத்தினார், பற்றிஸ் பொரித்துத் தட்டில் அடுக்கினார்.

"அம்மா, சத்தம் போடுங்கோ. பிளீஸ்."

"விசரே உனக்கு? வெளியாக்கள் பாக்கிற நேரம் வீடு சந்தை மாதிரிக் கிடக்கிறதே?"

"சந்தை மாதிரிக் கிடந்தாத்தான் என்ர வேலை மிஞ்சும்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மகனுக்காக இறங்கினார் பாருங்கள், அப்படி ஓர் இறக்கம். குக்கர் இரண்டு, கிரைண்டர் ஒன்று, மன்னார்த் தங்கச்சி ஸ்பீக்கரில், ரீவி முழுச் சத்தத்தில். புதன்கிழமை இல்லாவிட்டாலும் ஜெபக்குழு முழுதும் வந்து தொண்டை கிழியப் பாடியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இடித்தார். றொய்சனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

திரையில் அதிகாரி தோன்றினார். புன்னகைத்தார். என்ன அமைதியான வீடு என்றார்.

அப்போதுதான் றொய்சனுக்கு உறைத்தது. கம்பனி அழைப்பு எல்லாம் அந்தச் செயலி வழியாகத்தான் போகும். அம்மாவின் குக்கரையும் கிரைண்டரையும் பாட்டையும் ஒவ்வொன்றாக அதற்குப் பழக்கியவன் அவனேதான். யாரும் அதை நிறுத்த முடியாதபடி பூட்டச் சொன்னவனும் அவன்தான். அந்த யோசனைக்குப் பாராட்டு வேறு வாங்கியிருந்தான்.

பின்னால் சரியான சத்தம் என்று கத்தினான். அவன் குரல் மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. செயலி வேலை செய்யவில்லையா என்று அதிகாரி கவலையோடு கேட்டார். ஓம் என்றால் வேலை போய்விடும். நல்லாய் வேலை செய்கிறது என்றான்.

அதிகாரி அவன் தோளுக்கு மேலால் ஜெபக்குழுவைப் பார்த்தார். எல்லோரும் வாயை அகலத் திறந்திருந்தார்கள். இவ்வளவு நிம்மதியாகக் கொட்டாவி விடும் மனிதரைத் தான் கண்டதே இல்லை என்றார். இது முழுக்க முழுக்க உங்கள் வசதிக்கான வீடு என்று எழுதிக்கொண்டு, வாழ்த்தி மறைந்தார்.

அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். "என்னவாம்?"

"வீடு நல்ல அமைதியாம், அம்மா."

அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் பற்றிஸ் பரிமாறினார். மன்னாருக்கும் ஸ்பீக்கரில் சொன்னார், அமெரிக்காக்காரியே சொல்லிப்போட்டாள் என்று. சந்தோஷத்தில் ஜெபக்குழு நன்றிப் பாடல் ஒன்றைத் தொடங்கியது.

றொய்சன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செயலி இல்லாத தன் சொந்தப் போனில் கஸ்பர் மாமாவை எடுத்தான். கிடங்கில் வேலை இருக்கோ என்று கேட்டான். மாமாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"பெலத்துக் கதையடா," என்றார் மாமா. "உங்க என்ன, கலியாண வீடோ?"