ஐந்தடி ஆழம்

"கம்பைப் பின்னால தள்ளுறப்போ திரும்பிப் பாரும்மா. எவனாவது நின்னா நெஞ்சுல குத்திடும்" என்றான் நெவில்.

கிளெனிஸ் தலையாட்டினாள். பதினோரு மீட்டர் கார்பன் தூண்டில் கம்பு. நூல் சுற்றும் சுருள் கிடையாது. மீனைக் கரைக்குக் கொண்டுவர, கம்பையே முதுகுக்குப் பின்னாலிருக்கும் உருளை மேல் தள்ளித் தள்ளி, கடைசியில் நுனித் துண்டை மட்டும் கழற்ற வேண்டும்.

கம்பு அவள் கணவன் டிரெவருடையது. மார்ச் பதினான்கு, மீன்பிடி சீசனின் கடைசி நாள், அவன் தன் நீலக் காரோடு காணாமல் போனான். பிளாக்பூல் சாலையில் எவளோ ஒருத்தியோடு போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவன் நெவில். இந்தக் குளத்தை அவனோடு சேர்ந்து குத்தகைக்கு எடுத்த நண்பன். ஸ்டோக் ஊர் முழுக்க நம்பியது. போலீஸும் நம்பியது.

கிளெனிஸ் நம்பவில்லை. இந்தக் கம்பை விட்டுவிட்டு எவளோடும் போகிற ஆளா அவன்?

இன்று ஜூன் பதினாறு. மூன்று மாத மீன்பிடித் தடை முடிந்த முதல் காலை. செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பழைய குளத்தில் தூறல். வேலிக் கேட்டின் சாவி டிரெவர், நெவில் இரண்டு பேரிடம் மட்டும்தான்.

"முதல்ல ஆழம் பாக்கணும். கொக்கியில ஈயக்குண்டை மாட்டி இறக்கு. மிதவை தலை மட்டும் தெரிஞ்சா சரி. படுத்துக்கிச்சுன்னா ஆழம் கம்மி."

"நேரா போடவா? இடப்பக்கமா?"

"இடப்பக்கம் வேணாம். அங்க அஞ்சடிதான். தவளைதான் மாட்டும். புருஷனைப் பிடிச்ச மாதிரி சட்டுனு மீனைப் பிடிச்சிட முடியாதும்மா!"

சிரித்துக்கொண்டே இருபதடி தள்ளித் தன் பெட்டியில் போய் உட்கார்ந்தான்.

கிளெனிஸ் டிரெவரின் நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கம். மார்ச் பதினான்கு, காலை. 'இடப்பக்கச் சரிவு: பத்தடி. அடுத்த சீசன் அங்கேதான்.'

பத்தா? ஐந்தா?

அவள் கம்பை இடப்பக்கம் நீட்டினாள். குண்டு இறங்கியது. ஐந்தாவது அடியில் 'டக்' என்று எதையோ தட்டியது. மிதவை படுத்துக்கொண்டது. சேறு இப்படித் தட்டாது.

குண்டை அதன் மேல் லேசாக இழுத்துப் பார்த்தாள். தகரம் உரசுவது போல் கையில் அதிர்ந்தது.

கம்பைப் பின்னால் தள்ளி, நுனியைக் கழற்றிக் குண்டைப் பிடித்தாள். கொக்கி குத்துவதற்காகக் குண்டின் அடியில் ஒட்டியிருந்த தக்கையில் கறுப்புச் சேறு இல்லை. நகக்கண் அளவு நீலப் பெயின்ட் செதில்.

மூன்று மாதமாக யாரும் தூண்டில் போடாத குளம். அங்கே ஐந்தடி என்று நெவிலுக்கு எப்படித் தெரியும்?

கேட் நூறு கஜம் தள்ளி. இன்னொரு முறை தட்டிப் பார்ப்பது போல் நடித்துக்கொண்டு யோசிக்கலாம். நுனியைச் செருகி மறுபடி நீட்டினாள். மறுபடி 'டக்'.

ஓரக்கண்ணால் பார்த்தாள். நெவிலின் பெட்டி காலியாக இருந்தது.

கம்பை மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். ஒரு மீட்டர். இரண்டு. கம்பு நின்றது. மரமல்ல, வேலியல்ல, மெத்தென்ற ஏதோ ஒன்று.

"திரும்பிப் பாத்துட்டுத் தள்ளச் சொன்னேன்லம்மா?" முதுகுக்குப் பின்னால் நெவிலின் குரல். சிரிப்பில்லை.

கிளெனிஸ் திரும்பவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு, கம்பைப் பின்னால் குத்தினாள்.