சின்னம்மாள் தொட்ட நிறம்

பவானி இரண்டு நிற அட்டைகளையும் அம்மாவின் இடது கைக்கு எட்டும்படி பிடித்தாள். அந்தக் கையில் மட்டும்தான் இன்னும் அசைவு இருந்தது.

சிதம்பரத்தில் இந்த வீட்டைக் கட்டியவள் சின்னம்மாள். காட்டுமன்னார்கோயிலில் இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளர். பக்கவாதம் விழுந்து நான்கு மாதமாகப் பேச்சில்லை. இனி அவளுக்கு எதுவும் விளங்காது என்று கடலூரில் ஒரு டாக்டர் சொன்னதை மகன் அருண்பாண்டியன் அப்படியே நம்பிவிட்டான். எத்தனை நாள் தாங்கும் என்று வருகிறவர்களிடம் அவள் தலைமாட்டில் நின்றே பேசுவான். பவானிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

2009 ஐப்பசி மழையில் அறைச் சுவர் ஊறிப்போனது. தை பிறந்ததும் பெயிண்டர் பக்கிரி சாம்பல் நிறத்தில் அட்டைகள் கொண்டுவந்தார். ஒன்றில் துளி நீலம், மற்றதில் துளி பழுப்பு. எதை அடித்தாலும் ஒன்றுதான் என்றான் அருண்.

சின்னம்மாளின் விரல் மெல்ல நகர்ந்து நீலத்தைத் தொட்டது. பவானி அட்டைகளை இடம் மாற்றினாள். மறுபடியும் நீலம்.

"கை தானா ஆடுது பவானி."

"நீயே காட்டுண்ணே."

அவன் அட்டைகளை முதுகுக்குப் பின்னால் கலைத்துக் காட்டினான். நீலம். பக்கிரியிடம் இன்னொரு பழுப்பு அட்டை இருந்தது. அதை வாங்கி, இரண்டு பழுப்பையும் சேர்த்து நீட்டினான். விரல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது. நின்றது. பிறகு இரண்டையும் தள்ளிவிட்டது.

பக்கிரி வாய்விட்டுச் சிரித்தார். அருண் தரையில் உட்கார்ந்தான்.

"எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுதான் இருந்தியாம்மா?"

அம்மா அவனையே பார்த்தாள். நாலு மாதம் ஒற்றையாளாக வாதாடிய பவானிக்கு அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீலச் சாம்பல் பெயிண்ட் டப்பாவை உடைக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அருணே கஞ்சி ஊட்டினான். உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு, அவள் விரல் அசையும் வரை காத்திருந்தான். மறுநாள் காலை மூன்றாவது சுவரில் பக்கிரி ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அதைப் பார்த்தபடியே சின்னம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

நெல்லிக்குப்பத்திலிருந்தும் வடலூரிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். துக்கம் கேட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் அருண் அந்தப் பழுப்பு அட்டைக் கதையைச் சொன்னான்; தள்ளிவிட்ட இடம் வரும்போது தன் இடது கையால் தள்ளியே காட்டினான். சுவரில் சாய்ந்து கேட்டவர்களின் வெள்ளைச் சட்டைகளில் ஈரச் சாம்பல் பெயிண்ட் அப்பியது. பவானி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.