கொட்டோனுவில் நூறு பிராங்

செல்வமலரின் அகதி விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் நான்கு காரணங்கள் இருந்தன. மற்ற மூன்றும் முதலாவதின் தோளில் ஏறி நின்றவை. அந்த முதலாவதுதான் அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. நேர்முகத்தில் ஓரிடத்தில், பெனின் நாட்டின் கொட்டோனு நகரில் நூறு பிரெஞ்சு பிராங்குக்கு அந்த ஊர்க் காசு ஐயாயிரம் கிடைத்தது என்றாளாம். இன்னோரிடத்தில் பத்தாயிரம் என்றாளாம். ஆகவே அவள் பெனினுக்குப் போனதே பொய். ஐரோப்பாவில் எங்கேயோ பத்திரமாக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து கதை கட்டுகிறாள். மேன்முறையீட்டில் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

ஈஸ்ட் ஹாமில் அவளுடைய சட்டத்தரணியின் எழுதுவினைஞராக இருந்த வாசுதேவன், நூறு பேரின் வழக்குக் கோப்புகளைச் சுமந்தவர். எல்லோருக்கும் அவர் சொல்லும் புத்தி ஒன்றுதான்: கதை ஒன்றாக இருக்கவேண்டும், இரண்டாக இருந்தால் ஒன்றை மறந்துவிட வேண்டும்.

“தங்கச்சி, பயத்திலை மாறிச் சொல்லிப்போட்டன், ஐயாயிரம்தான் சரியெண்டு சொல்லும். பாவம் பாத்து விடுவினம்.”

“ரெண்டும் சரி அண்ணை. எனக்கு ஒருத்தற்றை பாவமும் வேண்டாம்.”

நெல்லியடிச் சங்கக்கடையில் எட்டு வருடம் காசாளராக இருந்தவள் அவள். எண்களில் அவளோடு வாதாட முடியாது.

விஷயம் இதுதான். பெனின் இருக்கும் அந்த ஆபிரிக்கக் கரையில் ஒரு காலத்தில் சோழிதான் காசு. மாலைதீவுக் கடலில் பொறுக்கிய சோழி கப்பலேறிப் போய் அங்கே பணமானது. பிரெஞ்சுக்காரர் வந்து நாட்டைக் காலனியாக்கி, சோழியை ஒழித்துத் தங்கள் பிராங்கைப் புழங்கவிட்டார்கள். பிறகு காலனிகளுக்கென்றே தனிப் பிராங் ஒன்றை உண்டாக்கினார்கள். சனங்கள் அதைச் ‘சேஃபா’ என்பார்கள். விடுதலை வந்தது, கொடி மாறியது, சேஃபா மாறவில்லை. ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு ஐம்பது சேஃபா என்ற கட்டுத்தறியிலேயே அது பல பத்தாண்டுகள் நின்றது. 1994 தை மாதம் பன்னிரண்டாம் திகதி அதை அவிழ்த்து நூறில் கட்டினார்கள். முதல்நாள் ஐயாயிரத்துக்கு மாறிய நூறு பிராங் அன்று பத்தாயிரம் ஆனது. லண்டனுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்ட் செல்வமலரைக் கொட்டோனுவில் ஓர் அறையில் காக்க வைத்ததோ அதற்கு முந்திய மார்கழியிலிருந்து மாசி வரைக்கும்.

அடுத்த வருடம் நடந்த மேன்முறையீட்டு விசாரணையில் அவள் இதை மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆற அமர விளக்கினாள். எதிர்த்தரப்பில் வாதாடிய குடிவரவு அதிகாரி அசையவில்லை. இதையெல்லாம் பத்திரிகையில் படித்துக்கொள்ளலாம் என்றார். பிறகு, அப்படியானால் சந்தையில் எல்லாச் சாமானும் இரண்டு மடங்கு விலையாகியிருக்குமே என்று மெதுவாகக் கேட்டார். பின்வரிசையில் இருந்த வாசுதேவன், ஓம் என்று சொல்லும்படி தலையாட்டினார்.

“இல்லை,” என்றாள் செல்வமலர். “அரிசி ஏறினது, அது கப்பலிலை வாறது. மருந்தும் பால்மாவும் ஏறினது. ஆனா எங்கடை இராசவள்ளி மாதிரி அங்கை ஒரு கிழங்கு இருக்கு. அது அந்த மண்ணிலை விளையிறது, பிரான்சைக் கேட்டு விலை வைக்கிறேல்லை. அந்த அறையிலை இருந்த நாங்கள் பதினாலு பேரும் முன்னமே மாத்தி வைச்ச காசுக்குச் சோறு வாங்க ஏலாமல் அதைத்தான் அவிச்சுத் திண்டனாங்கள். பேப்பரிலை வாசிச்சிருந்தா நானும் எல்லாம் ரெண்டு மடங்கெண்டுதான் சொல்லியிருப்பன்.”

தீர்ப்பாளர் எழுதுவதை நிறுத்தி, முதலாவது காரணத்தை இன்னமும் வைத்திருக்கப் போகிறீர்களா என்று அதிகாரியைக் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, கைவிடுவதாகச் சொன்னார். வாசுதேவன் அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவள் உட்காரவில்லை.

“கைவிட்டாப் போதாது ஐயா. நான் பொய் சொன்னனான் எண்டு எழுதியிருக்கு. பிழை தங்கடையெண்டும் அவை எழுதவேணும்.”

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். ஒரு சொல்லும் குறையாமல் அப்படியே சொல்லும்படி அவள் கேட்டாள். அவர் சொன்னார்.

ஆறு கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. மேன்முறையீட்டில் வென்றாயிற்று, நாட்டில் இருக்கலாம் என்று வாசுதேவன் மூச்சுவாங்கச் சொன்னார். அவள் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினாறாம் பந்தியில் இருந்தது: இரண்டு விலையும் சரி, கடிதம் எழுதியவர்களே தவறிவிட்டார்கள்.

“அண்ணை, இந்தப் பக்கத்தை ஒரு போட்டோக்கொப்பி எடுங்கோ,” என்றாள். “என்னை நேர்முகம் செய்த மனுசனுக்கு அனுப்பவேணும்.”