பெயரில்லாமல் வண்டி நகராது

நாரின் என்ற எங்கள் மலையூரின் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. முன்பெல்லாம் இன்னார் வீட்டில் பிரசவ வலி என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன், ஓட்டுநர் குபான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். போன குளிர்காலத்தில் தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்து புது மென்பொருளைப் போட்டுவிட்டு, எங்கள் செலவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என் நிம்மதியும் அவர்களோடு போனது.

ரொட்டி எடுக்கத் திரும்பினால் போதும், நான் யார் என்பதையே அது மறந்துவிடும். மறுபடி கடவுச்சொல் கேட்கும். போன் அலறும் நேரம் பார்த்து, புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே என்று வட்டம் சுற்றும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது முதல் கட்டம். நோயாளியின் பெயரை அங்கே போட வேண்டும். அதுவும் அரசுப் பதிவில் உள்ள பெயராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அனுப்பு' என்ற பொத்தான் செத்துக் கிடக்கும். அந்தப் பொத்தானை அழுத்தாமல் வண்டி நகரக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

எங்கள் பக்கத்து மருமகள்களைப் பற்றி எதுவும் தெரியாத எவனோ செய்த வேலை அது. நாங்கள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. கடைக்காரனுக்கு அதே பெயர் இருந்தால் அவனைக்கூட வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவோம். இந்தக் கதையிலும் என் மாமனார் பெயர் வராது, தேட வேண்டாம்.

அன்று மத்தியானம் ஒரு சின்னப் பெண் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, மாமா விழுந்துட்டாங்க. நெஞ்சைப் புடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்க. உடம்பெல்லாம் வேர்க்குது."

"மூச்சு இருக்காம்மா? பேசுறாரா?"

"மூச்சு இருக்கு. பேச வரல. முனகுறாங்க."

"எந்த ஊரு?"

"அல்மா-புலாக்."

என் மாமனார் ஊர். கல்யாணமான நாளிலிருந்து நானும் கணவரும் நாரினில்தான் குடியிருக்கிறோம். அங்கே விருந்துக்குப் போய் வருவதோடு சரி, பாதி வீடுகள் எனக்குத் தெரியாது.

"உங்க மாமா பேரு?"

குழந்தை மட்டும் அழுதது.

"அத எப்படிக்கா நான் சொல்றது?"

"சொல்லித்தாம்மா ஆகணும். மிஷின் கேக்குது."

"பக்கத்துலதான் படுத்திருக்காங்க. கண்ணைத் தொறந்து என்னையே பாத்துட்டிருக்காங்க அக்கா."

அவர் போய்ச் சேர்ந்தபிறகு பேரைக் காப்பாற்றி என்ன செய்வாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் வாய் வந்திருக்காது.

"வேற யாரு இருக்கா? அக்கம்பக்கத்துல கேளு."

"யாரும் இல்ல. ஆடு ஈனுற சமயம், எல்லாரும் மேல பட்டியில இருக்காங்க. எங்க வீட்டுக்காரரு ரஷ்யாவுல."

"வீட்டுக்கு அடையாளம்?"

"நீல கேட்டு."

"அந்த ஊர்ல எல்லா கேட்டும் நீலம்தாம்மா."

"ஸ்கூலுக்குப் பின்னாடி. முத்தத்துல தேன்பெட்டி வச்சிருக்காங்க."

அவள் பெயரையாவது போடுவோம் என்று கேட்டேன். அக்மரால் என்றாள். மிஷின் உடனே ஏற்றுக்கொண்டு, அவள் அம்மா வீட்டு முகவரியை எடுத்துப் போட்டு, வேறு மாவட்டம், அனுப்ப முடியாது என்றது. 'தாத்தா' என்று போட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்றது. மேசையை ஓங்கிக் குத்தினேன், டீ கொட்டியது. அந்தப் பெண் விசும்பிக்கொண்டே, "வண்டி கிளம்பிடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

அல்மா-புலாக்கில் பதிவான ஓர் ஆளின் பெயர் வேண்டும். அந்த ஊரில் எனக்கு முழுப்பெயரும் தெரிந்த ஒரே மனிதர் என் மாமனார். அறையில் யாரும் இல்லை, இருந்தும் திரும்பிப் பார்த்தேன். பிறகு அடித்தேன், ஒவ்வோர் எழுத்தாக. பொத்தானுக்கு உயிர் வந்தது. அழுத்திவிட்டேன். வெளியே குபான் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்தேன். முகவரிக் கட்டத்தை அதுவே நிரப்பியிருந்தது. என் மாமனார் வீடு, பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்க்கோடி. ரத்து செய்யப் போனால் மேலதிகாரியின் அனுமதி கேட்டது. குபானைக் கூப்பிட்டால், பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டார் போலிருக்கிறது, போன் போகவில்லை. என் முட்டாள்தனத்தால் ஒரு மனிதர் சாகப்போகிறார். இன்னொரு போனில் அக்மராலிடம், "வீட்டுல ஆஸ்பிரின் இருந்தா ஒண்ணு கடிச்சு மெல்லச் சொல்லு, சட்டைப் பொத்தானைக் கழட்டிவிடு, போனை மட்டும் வச்சிடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் கைபேசி அடித்தது. மாமனார்.

"உங்க ஆபீஸ்லேருந்து எனக்கு மெசேஜ் வந்திருக்கு. எனக்கு நெஞ்சு வலியாம், வண்டி வருதாம். நான் பாட்டுக்கு உக்காந்து சூப்பு குடிச்சிட்டிருக்கேன். எவன் பாத்த வேலை இது?"

"நான்தான் மாமா."

"என் பேரையா போட்ட?"

"ஆமா மாமா."

சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வாயால சொன்னியா, கையால அடிச்சியா?"

"கையாலதான் மாமா."

"அப்ப சரி. யாருக்கு முடியல?"

"ஸ்கூலுக்குப் பின்னாடி வீடு. முத்தத்துல தேன்பெட்டி இருக்காம். சின்ன மருமக, பேரு சொல்ல மாட்டேங்குது."

"ஐயோ, நம்ம ஷய்லோபெக்." அவர் குரல் மாறிவிட்டது. "போனை வை, நான் பாத்துக்கறேன்."

மற்றதைக் குபான் வந்து சொன்னார். முழங்கால் வலிக்காரரான என் மாமனார் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக நடுரோட்டில் நின்று வண்டியை மறித்திருக்கிறார். நோயாளி யாரு என்று கேட்டதற்கு, "நான்தான், எனக்கு ஒண்ணுமில்ல, நேரா ஓட்டு" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாராம். சந்து சந்தாகக் கையைக் காட்டி, தேன்பெட்டி வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். சரியான முகவரியே போட்டிருந்தாலும் அந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், வரைபடத்தில் அந்தச் சந்தே இல்லை என்றார் குபான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம்.

அந்த மிஷினுக்கு நன்றி சொல்ல ஒரு நாள் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மனதார, வாய்விட்டே சொன்னேன். அது அப்போது புதுப்பித்துக்கொண்டிருந்தது.

ஷய்லோபெக் பிழைத்து வீடு திரும்பியதும் எங்களை அழைத்து ஆடு அடித்தார். அக்மரால் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வாசலிலேயே அந்தக் கிழவர் என் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூவி வரவேற்றார், "என் வியாதியத் திருடப் பாத்தியேடா" என்று. நானும் அக்மராலும் காதில் விழாதவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஒரு வம்பு மட்டும் மிச்சமிருந்தது. மிஷின் கணக்கில் என் மாமனார் இதய நோயாளி ஆகிவிட்டார். தினமும் காலையில் அவருக்குப் போன் வரும். பதிவு செய்த ஒரு பெண்குரல் அவர் பெயரை முழுதாகச் சொல்லி, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கும். எனக்கு உடம்பு கூசியது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"தலைநகருக்கு எழுதிப் போட்டிருக்கேன் மாமா. பேரை எடுத்துடுவாங்க."

"எதுக்கு எடுக்கணும்?"

"தினமும் தொந்தரவு இல்லையா?"

அவர் எதிரே தேன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்த ஷய்லோபெக்கைப் பார்த்தார்.

"ஊரே என்னைத் தாத்தாங்குது, பெரியவருங்குது. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட இவன் ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான், அவனும் போகப் பாத்தான். இப்ப ரெண்டு பேராச்சு. இருக்கட்டும் விடு."